முந்திரிக்கொத்து விற்பதற்கு முன்

குமரி மாவட்டம் கருங்கலிலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, கணவர் வேலை விசாவில் இருக்கிறார், கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும், வார இறுதியில் மீன்குழம்பும் வீட்டிலேயே செய்து விற்கலாமா, லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக விற்கலாம் மக்ளே. நான் தக்கலைக்காரி. ஏழு வருடமாக என் அடுக்களையிலிருந்துதான் விற்கிறேன்.

ஆனால் தொழிலை உன் பெயரில் தொடங்கு. கணவரின் டிபென்டன்டாக, அதாவது அவரைச் சார்ந்தவளாக, வந்த உனக்குச் சுயதொழில் செய்ய அனுமதி உண்டு. ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருக்கும் அவருக்கு இல்லை.

லைசென்ஸ் தேவையில்லை, உள்ளூர் கவுன்சிலில் பதிவு செய்தால் போதும். கட்டணம் கிடையாது, முடியாது என்று அவர்கள் மறுக்கவும் முடியாது. விற்பனை தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன் பதிய வேண்டும். பிறகு ஒரு அதிகாரி வந்து அடுக்களையைப் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார். அதற்கெல்லாம் பயப்படாதே.

பயப்பட வேண்டியது ஒவ்வாமைக்கு. சட்டம் 14 பொருட்களைப் பட்டியலிடுகிறது. கோதுமை, பால், முட்டை, மீன், நிலக்கடலை எல்லாம் நமக்கே தோன்றும். கடுகும் எள்ளும் அதில் உண்டு என்பதுதான் தோன்றாது. தாளிக்காமல் நாம் எதைச் செய்கிறோம்? தொடங்கிய புதிதில் ஒரு அம்மா, மகனுக்குக் கோதுமை ஆகாது, சாம்பாரில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அதில் கோதுமை மாவு சேர்த்திருந்தது. உடனே போன் செய்து தடுத்தேன். பிள்ளை இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு பதறும்.

முந்திரிக்கொத்தையே எடுத்துக்கொள். முந்திரிப் பருப்பு பெயரில் மட்டும்தான், ஆனால் உள்ளே எள் சேர்ப்போம். 2016-இல் ரொட்டியில் கலந்திருந்த எள்ளால் 15 வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். அவள் பெயரால்தான் நடாஷா சட்டம் 2021 அக்டோபரில் வந்தது. முன்கூட்டியே பாக்கெட் போட்டு ஸ்டாலில் வைத்து விற்றால் எல்லாச் சேர்மானங்களையும் ஒட்ட வேண்டும், ஒவ்வாமைப் பொருட்கள் தனியாகத் தெரிய வேண்டும். போனில் ஆர்டர் எடுத்தால், அவர்கள் வாங்க முடிவெடுக்கும் முன்பே சொல்லிவிடு. பொருளைக் கொடுக்கும்போதும் சொல்.

மீன்குழம்பு மறுநாள்தான் ருசி என்று ஊரில் சட்டியோடு அடுப்படியில் விட்டுவைப்போமே, விற்பதற்கு அது கூடாது. சூடாக வைத்தால் 63 டிகிரிக்குக் குறையக்கூடாது. இல்லையென்றால் சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வை, 8 டிகிரியைத் தாண்டவிடாதே. முதல் வருடம் பலகாரத்தோடு நின்றுகொள் என்பேன்.

வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள். வரி ஆண்டில் மொத்த விற்பனை 1,000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறைக்கும் சொல்ல வேண்டும்.

டிசம்பர் முதல் வாரம் விற்கவேண்டுமென்றால் அக்டோபர் கடைசிக்குள் பதிந்துவிடு. அப்புறம், ஊரிலிருந்து வரும் அம்மாவிடம் அச்சுமுறுக்கு அச்சு இரண்டு கொண்டுவரச் சொல். ஒன்று எண்ணெயில் சூடாகும்போது மற்றதை மாவில் முக்கலாம்.