கேள்வி-பதில்: ஆறு ரூபாய்க்காக 12 கிலோமீட்டர்

பெட்ரோல் விலை ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது என்று ஒருவர் கேட்டால் போதும், பின்னாலேயே பத்துப் பேர் வந்துவிடுகிறார்கள். இந்த முறை கட்டு கொஞ்சம் பெரிது. கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டிலிருந்து 12 கிலோமீட்டர் போனால் புதுச்சேரி எல்லைக்குள் ஒரு பங்க் இருக்கிறது. லிட்டருக்கு ஆறு ரூபாய் குறைவு. வாரம் ஒரு தடவை பைக்கில் போய் டேங்கை நிரப்பிக்கொண்டு வருகிறேன். இது வெட்டி அலைச்சல் என்கிறாள் மனைவி. யார் சொல்வது சரி? — கடலூர் வாசகர்

வீட்டம்மா சொல்வதுதான் சரி. எட்டு லிட்டர் போடுகிறீர்கள் என்று வையுங்கள், எட்டாறு நாற்பத்தெட்டு. போக வர 24 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 ஓடுகிற வண்டி அதற்கு அரை லிட்டருக்கு மேல் குடித்துவிடும். புதுச்சேரி விலையில் பார்த்தாலும் அது 50 ரூபாய். மிச்சம் பிடித்ததற்கு மேலேயே செலவு செய்திருக்கிறீர்கள். கார் என்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 30 லிட்டருக்கு 180 ரூபாய் மிச்சம். ஓட்டத்துக்கு 150 போய்விடும். வேறு வேலையாக அந்தப் பக்கம் போகும்போது நிரப்பிக்கொண்டு வாருங்கள், அது புத்திசாலித்தனம். வாரா வாரம் எல்லை தாண்டுவது பெட்ரோலுக்காக மட்டும்தான் என்று வீட்டில் நம்புகிறார்களா என்பது வேறு விஷயம்.

ஓசூரில் இருக்கிறேன். பல வருடமாக அத்திப்பள்ளி போய்த்தான் காருக்குப் பெட்ரோல் போடுகிறேன். கர்நாடகத்தில் விலை குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் போன மாதம் பில்லைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே? — ஓசூர் வாசகர்

எல்லோருக்கும் தெரிந்தது 2024 ஜூனோடு பழசாகிவிட்டது. அதுவரை பெங்களூரில் பெட்ரோல் 99.84, சென்னையில் 100.75. அந்த ஜூன் 15-ஆம் தேதி கர்நாடக அரசு பெட்ரோல் விற்பனை வரியை 25.92 சதவீதத்திலிருந்து 29.84 ஆக்கியது. விலை ஒரே நாளில் மூன்று ரூபாய் ஏறியது. அதற்குப் பிறகும் செக்போஸ்ட் நெரிசலில் நின்று அங்கே போய்ப் போட்டிருக்கிறீர்கள் என்றால், உங்களை அனுப்பியது விலை இல்லை, பழக்கம். டீசல் கதை வேறு. கர்நாடகத்தில் டீசல் வரி 2024-லும் 2025 ஏப்ரலிலும் ஏறியது. அதற்குப் பிறகும் அங்கே குறைவாகத்தான் இருந்தது. 300 லிட்டர் டேங்க் உள்ள லாரிக்காரர் அத்திப்பள்ளியில் நிறுத்துவதில் அர்த்தம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது பெட்ரோல் கார். பலகையைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

100, 200 என்று போட்டால் மெஷினில் முன்கூட்டியே அளவைக் குறைத்து வைத்திருப்பார்களாம். 110, 210 என்று போட்டால் ஏமாற்ற முடியாதாம். உண்மையா? — திண்டுக்கல் வாசகர்

இல்லை. குறைத்து அளக்கும் மெஷின் 110-க்கும் குறைத்துத்தான் அளக்கும்.

ஒரே மாநிலம், ஒரே வரி. சென்னையை விட ஊட்டியில் ஏன் அதிகம்? மலைவாசி என்றால் இளிச்சவாயனா? — உதகை வாசகர்

கொள்ளை இல்லை, வண்டி வாடகை. சென்னைக்கு மணலியிலேயே சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. கோவைப் பக்கத்தில் இருகூர் டிப்போவுக்குக் கொச்சியிலிருந்து குழாயில் வந்துவிடுகிறது. அங்கிருந்து மலை ஏறுவதற்கு டேங்கர் லாரியை விட்டால் வழியில்லை. டிப்போவிலிருந்து தூரம் கூடக் கூட லிட்டருக்குச் சில காசுகள், சில இடத்தில் ஒரு ரூபாய்க்கு மேல் ஏறும். அந்த வாடகையின் மேலும் மாநில வரி உண்டு என்பதுதான் எனக்கு எரிச்சல். 2024 அக்டோபர் கடைசியில் எண்ணெய் நிறுவனங்கள் மாநிலத்துக்குள் போக்குவரத்துச் செலவைச் சற்றுச் சமன் செய்தன. தூரத்து ஊர்களில் கொஞ்சம் குறைந்தது, வேறு சில இடங்களில் காசுக்கணக்கில் ஏறியது. கீழே போய்விட்டுத் திரும்பினால் மேட்டுப்பாளையத்தில் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

கேரள வண்டிகள் வரிசை கட்டி எங்கள் பங்கில் நிற்கின்றன. ஊர்க்காரர்கள் காத்துக் கிடக்கிறோம். தடுக்க முடியாதா? — களியக்காவிளை வாசகர்

முடியாது, தடுக்கவும் கூடாது. அங்கே 30.08 சதவீத வரி, அதன்மேல் கூடுதல் வரி, அப்புறம் 2023 ஏப்ரலிலிருந்து சமூகப் பாதுகாப்புக்கென்று லிட்டருக்கு இரண்டு ரூபாய். உங்கள் பக்கம் வந்தால் அவர்களுக்கு நாலைந்து ரூபாய் மிச்சம். கடலூர்க்காரர் புதுச்சேரியில் செய்வதைத்தான் அவர்கள் உங்கள் ஊரில் செய்கிறார்கள். காலையில் சீக்கிரம் போங்கள்.

டெல்லியில் 94, சென்னையில் 100, ஹைதராபாத்தில் 107 என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பெட்ரோல் ஒரே பெட்ரோல்தானே? ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவந்தால் நாடு முழுக்க ஒரே விலை ஆகிவிடுமா? — திருச்சி வாசகர்

உங்கள் நண்பர்கள் சொல்வது 2024-ஆம் வருட விலை. அதையே வைத்துக் கணக்குப் பார்க்கலாம்.

அப்போது எண்ணெய் நிறுவனம் டீலருக்குக் கொடுத்த விலை லிட்டருக்குச் சுமார் 55 ரூபாய். மத்திய கலால் வரி 19.90. டீலர் கமிஷன் நான்கு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இதுவரை எல்லா ஊருக்கும் ஏறக்குறைய ஒரே கணக்குதான். பிரிவது இதற்கு அப்புறம். தெலங்கானா 35.20 சதவீதம் வாங்குகிறது. ஆந்திராவில் 31 சதவீதமும் அதன்மேல் லிட்டருக்கு இவ்வளவு என்றும். தமிழ்நாட்டில் 13 சதவீதம், கூடவே லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. அந்தமானில் ஒரே ஒரு சதவீதம். கடல் தாண்டிப் போகிற பெட்ரோல் அங்கே 82 ரூபாய்க்கு விற்றது அதனால்தான். தூரம் காசுக்கணக்கு, வரிதான் ரூபாய்க்கணக்கு.

இந்தச் சதவீதம் வெறும் பெட்ரோல் விலைக்கு மட்டும் இல்லை. கலால் வரி, கமிஷன் எல்லாம் சேர்ந்த தொகையின் மேல் போடுவது. வரிக்கு வரி. டெல்லி கலாலை ஏற்றினால், ஒன்றுமே செய்யாமல் மாநிலத்தின் பங்கும் ஏறும். தமிழ்நாடு முன்பு 34 சதவீதம் என்று வாங்கிக்கொண்டிருந்தது. 2020 மே மாதம் ஒரு பகுதியைச் சதவீதமாகவும் மீதியை லிட்டர் கணக்காகவும் மாற்றியது. 2021 ஆகஸ்டில் பட்ஜெட்டில் மூன்று ரூபாய் குறைத்தார்கள், இப்போதைய 13 சதவீதக் கணக்கு அப்போது வந்தது.

ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-ஆம் தேதி வந்தபோது கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஐந்தையும் வெளியே நிறுத்திவைத்தார்கள். ஏன் இன்னும் உள்ளே வரவில்லை என்று தெரிய ஒரு சின்னக் கணக்கு போதும். டீலர் விலை, கமிஷன் இரண்டும் சேர்ந்து 59 ரூபாய். 2025 செப்டம்பரில் வந்த 40 சதவீத உச்ச அடுக்கிலேயே வைத்தாலும் விலை 83-ஐத் தாண்டாது. சென்னையில் விற்றதோ 100. லிட்டருக்கு 17 ரூபாயை விட்டுக்கொடுக்கத் தயார் என்று டெல்லியும் சொல்லாது, கோட்டையும் சொல்லாது. மேடையில் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள், அவ்வளவுதான். அப்படியே வந்தாலும் வாடகை வித்தியாசம் இருக்கும், ஊட்டிக்காரர் மறுபடி கடிதம் போடுவார்.

என் ஆதங்கம் வேறு. ஓட்டலில் இரண்டு இட்லி ஒரு வடை சாப்பிட்டால், மத்திய வரி இவ்வளவு, மாநில வரி இவ்வளவு என்று காசு சுத்தமாகப் பில்லில் வருகிறது. 2,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுப் பில்லை வாங்கிப் பாருங்கள். நாசில் எண் இருக்கும், லிட்டர் இருக்கும், விலை இருக்கும். வரி என்ற சொல்லே இருக்காது. நூறு ரூபாயில் நாற்பதுக்கு மேல் வரியாகப் போகிற பொருளுக்கு இந்த லட்சணம்! இட்லிக்கு உள்ள மரியாதை பெட்ரோலுக்கு இல்லை. நிறுவனங்களின் இணையதளத்தில் டெல்லி விலையைப் பிரித்துப் போடுகிறார்கள். திருச்சிக்காரருக்கு அதனால் என்ன பயன்? பில்லில் இன்னும் மூன்று லைன் போதும்: பெட்ரோல் இவ்வளவு, டெல்லிக்கு இவ்வளவு, சென்னைக்கு இவ்வளவு. தாளில் இடம் இல்லை என்று சொல்ல முடியாது. ‘நன்றி, மீண்டும் வருக’ என்று போட இடம் இருக்கிறதே.

புதுச்சேரியில் படிக்கிறேன். வாரக்கடைசியில் ஊருக்கு வரும்போது நாலு தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கிப் பஸ்ஸில் கொண்டுவருகிறேன். பாட்டிலில் தர மாட்டேன் என்று பங்கில் மறுத்தால் என்ன செய்வது? — திண்டிவனம் மாணவர்

மறுத்தவருக்கு ஒரு வணக்கம் வையுங்கள். எட்டு லிட்டருக்கு நீங்கள் மிச்சம் பிடிப்பது ஐம்பது ரூபாய். அதற்காக ஒரு பஸ் ஜனத்தை எரிக்கத் துணிகிறீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் விற்கக் கூடாது, பஸ்ஸில் ஏற்றக் கூடாது. ரயிலில் பிடிபட்டால் மூன்று வருடம் வரை உள்ளே இருக்கலாம். இதற்கு மேல் உங்களுக்கு யோசனை சொல்ல எனக்கு மனம் இல்லை.

அப்பாவுக்கு 71 வயது. நெடுஞ்சாலைப் பங்கில் 1,000 ரூபாய்க்குப் போடச் சொல்லியிருக்கிறார். பையன் 300-ல் நிறுத்திவிட்டு, “முந்நூறுன்னு காதுல விழுந்தது சார், மீதி எழுநூறு போட்டுடறேன்” என்று தொடர்ந்திருக்கிறான். மீட்டர் 700-ல் நின்றதும் கணக்குச் சரி என்று அப்பா 1,000 கொடுத்துவிட்டார். வழியில் வண்டி நின்ற பிறகுதான் புரிந்தது. இரண்டு நாளாக யாரிடமும் சரியாகப் பேசவில்லை. — பெயர் வேண்டாம், விழுப்புரம்

முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், இதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. இது ஊரறிந்த தந்திரம். நடுவில் நிறுத்தி, பேச்சுக் கொடுத்து, ஜீரோவுக்குக் கொண்டுவராமல் 300-லிருந்தே தொடர்வார்கள். பார்ப்பவருக்கு முந்நூறும் எழுநூறும் ஆயிரம் என்று மனக்கணக்கு ஓடும். டேங்கில் விழுந்தது மொத்தமே 700-க்கு. வெயிலில் கண் கூசிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துத்தான் செய்வார்கள். படித்தவர்கள், கணக்கு வாத்தியார்கள்கூட ஏமாந்திருக்கிறார்கள்.

பணம் யு.பி.ஐ.யில் கொடுத்திருந்தால் நேரம் உங்கள் கையில் இருக்கிறது. இப்போது பெரும்பாலான பங்குகளில் ஒவ்வொரு நாசிலின் ஒவ்வொரு விற்பனையும் நேரத்தோடு பதிவாகிறது. அந்த நேரத்தில் 700 ரூபாய்க்கு ஒரே விற்பனை, வரவு 1,000 என்றால் வேறு சாட்சி வேண்டாம். பங்கில் மாட்டியிருக்கும் பலகையில் அந்த நிறுவனத்தின் விற்பனை அதிகாரி எண் இருக்கும். முதலில் அவருக்கு எழுதுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். சி.சி.டி.வி. பதிவு நாளாக நாளாக அழிந்துவிடும், அதனால் இன்றே. 300 ரூபாய்தானே என்று விடாதீர்கள். அப்பாவையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அவர் பேச ஆரம்பிப்பார்.

மற்றவர்களுக்கு: அளவில் சந்தேகம் வந்தால் முத்திரை குத்திய ஐந்து லிட்டர் கேனில் அளந்து காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு பங்கிலும் அது இருந்தாக வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை விலகல் அனுமதி. அதற்கு மேல் குறைந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் போகலாம். ஆறு ரூபாய் வித்தியாசத்துக்கு எல்லை தாண்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கேனைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்?

தனியார் பங்கில் ஃபுல் டேங்க் போட்டேன். பக்கத்து அரசு நிறுவனப் பங்கை விட லிட்டருக்குப் பல ரூபாய் அதிகம் என்று பிறகுதான் தெரிந்தது. வழக்குப் போடலாமா? — சேலம் வாசகர்

எதற்கு? விலை வாசலில் பலகையில் இருந்தது, மெஷினில் இருந்தது, நீங்கள் போனில் இருந்தீர்கள். பெட்ரோல் 2010 ஜூனிலும், டீசல் 2014 அக்டோபரிலும் அரசின் விலைக் கட்டுப்பாட்டிலிருந்து வெளியே வந்துவிட்டன. நிறுவனம் தன் விலையைத் தானே வைத்துக்கொள்ளலாம்.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தக் கருவி ஒன்று விளம்பரத்தில் வருகிறது. மைலேஜ் 30 சதவீதம் கூடுமாம். வாங்கலாமா? — ஈரோடு வாசகர்

வேண்டாம். என்னிடம் ஒன்று இருக்கிறது. வீட்டில் தையல் ஊசி கீழே விழுந்தால் தேட எடுப்பார்கள், நன்றாகவே வேலை செய்கிறது. டயரில் காற்றைச் சரியாக வையுங்கள். பங்கில் காற்று இலவசம்.

பெட்ரோலுக்கென்றே ஒரு கிரெடிட் கார்டு தருகிறோம் என்று வங்கியிலிருந்து தினமும் கூப்பிடுகிறார்கள். சர்சார்ஜ் (கார்டில் கட்டினால் சேரும் கூடுதல் கட்டணம்) கிடையாது, பாயின்ட் உண்டு என்கிறார்கள். — தாம்பரம் வாசகி

வருடக் கட்டணம் எவ்வளவு, மாதம் அதிகபட்சம் எத்தனை பாயின்ட், எந்த நிறுவனப் பங்கில் மட்டும் செல்லும் என்று மூன்றையும் கேளுங்கள் அம்மா. சர்சார்ஜ் தள்ளுபடி என்றாலும் பல கார்டுகளில் அதன்மேல் விழும் ஜி.எஸ்.டி. திரும்பி வராது. குறிப்பிட்ட தொகைக்குக் கீழே போட்டால் தள்ளுபடியே இல்லை. ஸ்கூட்டருக்கு 200 ரூபாய்க்குப் போடுகிறவருக்கு அது உதவாது. நானும் ஒன்று வைத்திருந்தேன். வருடக் கட்டணத்தை ஈடுகட்ட நான் லாரி வாங்கியிருக்க வேண்டும். மறுபடி கூப்பிட்டால் அந்த மூன்று கேள்விக்கும் பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். அதோடு கூப்பிடுவது நின்றுவிடும்.