தூக்கிச் செல்லக்கூடிய பேஸ் ஆம்ப் எது? – இசைக்கருவி கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவிலும், மற்ற நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவிலும் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். எங்கள் குழுவுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சுற்றுவட்டார ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) நடக்கும் திருமணங்களும் திருவிழாக்களும்தான். என்னிடம் இருப்பது 15 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பழைய காம்போ ஆம்ப் (ஒலிபெருக்கும் கருவியும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அமைந்தது). எடை 35 கிலோவுக்குக் குறையாது. சாலையில் ஜீப்பை நிறுத்திவிட்டு, படிகளில் இறங்கி மைதானத்துக்குத் தூக்கிச் செல்வதற்குள் கை நடுங்கத் தொடங்கிவிடுகிறது. முதல் இரண்டு பாட்டுக்கு விரல் சரியாக விழுவதில்லை. பத்துக் கிலோ அளவில் ஓர் ஆம்ப் வாங்க நினைக்கிறேன். டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்கும்போது அது கேட்குமா? எத்தனை வாட்ஸ் வேண்டும்? வீட்டில் பயிற்சி செய்யவும் அதுவே போதுமா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: ஆம்பின் எடை உங்கள் வாசிப்பையே கெடுக்கிறது என்றால் அதை மாற்றுவது ஆடம்பரமல்ல, அவசியம். தயங்காமல் மாற்றுங்கள். ஆனால் எதை வாங்குவது என்று பார்ப்பதற்கு முன்னால், மேடையில் அந்த ஆம்ப் யாருக்காக ஒலிக்கப் போகிறது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். மைதானத்தின் கடைசி வரிசையில் நிற்பவருக்கு பேஸைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சவுண்ட் சர்வீஸ்காரருடைய பெரிய ஸ்பீக்கர்களின் வேலை. உங்கள் ஆம்ப் உங்களுக்கும், டிரம்ஸ் வாசிப்பவருக்கும், அருகில் நிற்கும் கீபோர்டு கலைஞருக்கும் தெளிவாகக் கேட்டால் போதும். இந்தப் பொறுப்பை மட்டும் அதற்குக் கொடுத்தால் பத்துக் கிலோ ஆம்ப் உங்களுக்குத் தாராளமாகப் போதும். மைதானம் முழுவதையும் அது ஒன்றே நிரப்ப வேண்டும் என்று எதிர்பார்த்தால், இப்போது இருப்பதைவிடக் கனமான ஒன்றைத்தான் நீங்கள் தேட வேண்டியிருக்கும்.

எடை குறைந்த ஆம்ப் என்றாலே மட்டமானது என்ற எண்ணம் பழைய கலைஞர்களிடம் இன்னும் இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. 1969-இல் வெளிவந்த ஆம்பெக் எஸ்.வி.டி. என்ற 300 வாட்ஸ் வால்வு ஆம்பின் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதி) மட்டுமே ஏறத்தாழ 40 கிலோ. அதன் கீழே எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் அடங்கிய பெட்டியை வைத்தால் ஒரு பீரோ நிற்பது போலிருக்கும். அந்தக் கனத்தின் பெரும்பகுதி மூன்று பொருள்களால் வந்தது: இரும்பின் மேல் செம்புக் கம்பி சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் காந்தம், தடித்த பலகை. இன்றைய கிளாஸ்-டி என்ற வகை ஆம்புகள் மின்சாரத்தை வெப்பமாக வீணாக்காமல் பெரும்பகுதியை ஸ்பீக்கருக்கே அனுப்பிவிடுவதால், வெப்பத்தை வெளியேற்றும் பெரிய அலுமினியத் தகடுகள் அவற்றுக்குத் தேவைப்படுவதில்லை. செல்போன் சார்ஜரில் இருக்கும் அதே எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கு முறை பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1980-களில் உருவான நியோடிமியம் காந்தம், பழைய ஃபெரைட் காந்தம் செய்த வேலையை அதன் எடையில் ஒரு சிறு பங்கிலேயே செய்துவிடுகிறது. டிரேஸ் எலியட் நிறுவனத்தின் எல்ஃப் என்ற ஹெட் ஒரு கிலோகூட இல்லை. 4 ஓம்ஸ் ஸ்பீக்கரில் 200 வாட்ஸ் தருகிறது. ஆகவே எடையை வைத்துத் தரத்தை மதிப்பிடும் காலம் போய்விட்டது.

வாட்ஸ் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 50 வாட்ஸ் ஆம்பை 100 வாட்ஸாக மாற்றினால் சத்தம் இரண்டு மடங்காகும் என்று நினைக்கிறோம். உண்மையில் சக்தி இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே உயரும். கவனித்துக் கேட்டால் சற்றே கூடியிருப்பது தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். எனவே வாட்ஸுக்கு முன்பாக ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி எத்தனை டெசிபெல் என்று பாருங்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்பதைக் குறிக்கும் எண் அது. 91 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 400 வாட்ஸ் கொடுத்துப் பெறும் சத்தத்தை 97 டெசிபெல் ஸ்பீக்கர் 100 வாட்ஸிலேயே கொடுத்துவிடும்.

அப்படியானால் சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிகச் சத்தம் மூன்றும் சேர்ந்த ஓர் ஆம்பை வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். அது இயற்கையிலேயே இயலாத காரியம். மூன்றில் எந்த இரண்டைப் பிடித்தாலும் மூன்றாவது நழுவிவிடும். நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியது ஆழத்தை என்பது என் உறுதியான கருத்து. நான்கு கம்பி பேஸில் ஈ கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் எழும் சுரம் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். ஆனால் அதோடு 82, 123 என்று மேல் அதிர்வுகளும் எழுகின்றன. அவை தெளிவாகக் கேட்டால், அடியில் இருக்கும் 41 ஹெர்ட்ஸ் மெலிந்திருந்தாலும் நம் மனம் அந்தச் சுரத்தைச் சரியாகவே பிடித்துக்கொள்கிறது. ஆகவே சின்ன ஆம்பில் பேஸ் குமிழைக் கடைசிவரை திருகாதீர்கள். அப்படித் திருகினால் ஆம்பின் சக்தி முழுவதும் அந்தச் சிறிய ஸ்பீக்கரால் எழுப்ப முடியாத ஒலிக்கே போய், கூம்புதான் துடிக்கும், சுரம் கேட்காது. பேஸைச் சற்றுக் குறைத்து, மிட்டை (நடுத்தர ஒலியை) கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். கிக் டிரம்மின் நடுவே ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக எழுந்து நிற்கும். இன்னொன்று, ஆம்பைத் தரையில் உங்கள் முழங்காலைப் பார்த்தபடி வைக்காமல், ஒரு நாற்காலியின் மேலோ, பின்பக்கம் சாய்த்தோ வைத்துக் காதை நோக்கித் திருப்பினால், குமிழைத் தொடாமலேயே தெளிவு கூடும்.

இனி உங்கள் தேவைக்கு வருவோம். ஃபெண்டர் ரம்பிள் வரிசையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அதில் 40 என்ற மாதிரி 10 அங்குல ஸ்பீக்கருடன் சுமார் 8 கிலோ. 100 என்ற மாதிரி 12 அங்குல ஸ்பீக்கருடன் சுமார் 10 கிலோ. 500 என்ற மாதிரி இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர்களுடன் 16 கிலோவுக்குச் சற்று மேல். நீங்கள் சொல்லும் மேடைகளுக்கு நடுவில் உள்ளது, அல்லது வேறு நிறுவனத்தின் அதே அளவு ஆம்ப், போதும். தேவாலயத்தில் டிரம்ஸ் அடக்கமாக ஒலிக்கும் என்றால் அது தனியாகவே சமாளிக்கும். ஹட்டி மைதானத்தில் அதன் எக்ஸ்.எல்.ஆர். லைன் அவுட்டிலிருந்து (மிக்ஸருக்கு ஒலியை அனுப்பும் மூன்று முள் துளை) ஒரு கேபிளை மிக்ஸருக்குக் கொடுத்துவிடுங்கள். இந்த அவுட் இல்லாத ஆம்ப் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். ஜெனரேட்டரில் ஓடும் இடங்களில் அந்த லைன் வழியாக ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் அழுத்துவதற்கு கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் (அந்த லைனின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிப்பது) இருக்கிறதா என்றும் பாருங்கள். இரைச்சலை நிறுத்த பிளக்கின் எர்த் முள்ளைப் பிடுங்கிவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். கம்பியில் கை வைத்து வாசிப்பவரின் உயிருக்கு அந்த முள்தான் காவல். தயவுசெய்து யாரையும் அதைத் தொட விடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருகிறார் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு நண்பர் அமெரிக்காவிலிருந்து வந்த புத்தம் புதிய ஆம்பைக் கொண்டுவந்தார். பிளக்கைச் செருகியது நான்தான். பின்பக்கத்தில் 120 வோல்ட் என்று அச்சிட்டிருந்ததை நான் படிக்கவில்லை. நம் ஊரில் வருவது 230 வோல்ட். சுவிட்சைப் போட்ட நொடியில் ‘டப்’ என்று ஓர் ஓசை, பிறகு காற்றுத் துளைகள் வழியே எரிந்த வார்னிஷ் வாடை. அன்றைய நிகழ்ச்சி முழுவதும் அவர் கை கட்டி உட்கார்ந்திருந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. ‘100–240’ என்று போட்டிருந்தால் கவலையில்லை. அப்படி இல்லையென்றால், முதலில் வோல்டேஜ் எண்ணைப் படித்துவிட்டுத்தான் பிளக்கைக் கையில் எடுக்க வேண்டும்.

வீட்டுப் பயிற்சிக்கும் இதே ஆம்ப் போதும். ஹெட்போன் துளை இருப்பதாக வாங்கினால், நள்ளிரவிலும் பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவில்லாமல் வாசிக்கலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு கீபோர்டு ஆம்ப் இருக்கிறது. மகள் பேஸ் கிட்டார் கற்கத் தொடங்கியிருக்கிறாள். அதிலேயே வாசிக்கலாமா, கெட்டுப்போகுமா?
– ஒரு தாய், கொடைக்கானல்

பதில்: வாசிக்கலாம். கீபோர்டின் இடது கைச் சுரங்கள் பேஸைவிடக் கீழேயும் போகக்கூடியவை என்பதால், அந்த ஆம்பின் ஸ்பீக்கர் தாழ்ந்த ஒலிக்குப் பழகியதுதான். சாதாரண கிட்டார் ஆம்பில் அதிகச் சத்தத்தோடு பேஸ் வாசித்தால்தான் ஸ்பீக்கர் கிழியும் ஆபத்து உண்டு.

ஆனால் நேராகச் செருகினால் ஒலி மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கலாம். பேட்டரி இல்லாத பேஸ் கிட்டாரின் பிக்கப்பிலிருந்து (கம்பியின் அதிர்வை மின் அலையாக மாற்றும் பகுதி) வரும் மின் அலை மிக மெலிதானது. கீபோர்டுக்கென்று அமைந்த உள்ளீடு அதைத் தாங்கிப் பிடிக்காமல் அமுக்கிவிடும். அந்த மெலிந்த அலையை உள்ளீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஓர் ஆக்டிவ் டி.ஐ. பெட்டியையோ பேஸ் பிரீ-ஆம்ப் பெடலையோ இடையில் வைத்தால் சரியாகிவிடும். மகளின் கிட்டாரிலேயே 9 வோல்ட் பேட்டரி போடும் இடம் இருந்தால் இந்தச் செலவும் வேண்டாம். கற்கும் முதல் ஆண்டில் புது ஆம்புக்குச் செலவிடுவதைவிட, அந்தப் பணத்தில் கிட்டாரை ஒரு நல்ல கைவினைஞரிடம் கொடுத்துக் கம்பிகளின் உயரத்தைச் சரிசெய்து வாங்குவது அவளுடைய விரல்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

கேள்வி: ஊட்டியில் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் ஆம்பை எப்படிப் பாதுகாப்பது? குமிழைத் திருகினால் கரகரவென்கிறது.
– ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: கரகரப்பு குமிழுக்குள் படிந்த ஈரத்தாலும் தூசியாலும் வருகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைக் குமிழின் அச்சருகே சிறிதளவு அடித்து, இருபது முறை முழுச் சுற்றாகத் திருகி, நன்றாகக் காய்ந்த பிறகு போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது அரை மணி நேரம் ஆம்பை ஓடவிடுங்கள். உள்ளே எழும் இளஞ்சூடே ஈரத்தைப் போக்கும். பெட்டியைச் சுவரை ஒட்டித் தரையில் வைக்காமல் ஒரு பலகையின் மேல் வையுங்கள், உறைக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு வையுங்கள்.

பனிக்காலத்தில்தான் அதிகக் கவனம் தேவை. ஜனவரி இரவில் வண்டியிலேயே கிடந்து குளிர்ந்துபோன ஆம்பை, ஆட்கள் நிறைந்த கதகதப்பான கூடத்துக்குள் கொண்டுவந்து உறையை அகற்றினால், முன்பக்க வலைத் தகட்டில் பொடிப் பொடியாக நீர் முத்துகள் அரும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெளியே அரும்புவது உள்ளே சர்க்யூட்டிலும் அரும்பும். கூடத்துக்குள் கொண்டுவந்ததும் உறையோடு அப்படியே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அதற்குள் கேபிள் இழுப்பது, சுருதி சேர்ப்பது போன்ற வேலைகளை முடித்துக்கொள்ளலாம். பிறகு உறையை எடுத்துத் தகட்டைக் கையால் தடவிப் பாருங்கள். விரலில் ஈரம் ஒட்டவில்லை என்றால் சுவிட்சைப் போடலாம்.