ஒரே வருஷத்துல ஆன்லைன் பி.எஸ்சி நர்சிங்னு யாராச்சும் சொன்னா பணத்த கட்டிடாதீங்க

நாகலூர் பக்கத்துல இருந்து ஒரு அக்கா பேசுனாங்க. வீட்டுக்காரர் காப்பி எஸ்டேட்ல மேஸ்திரி, பொண்ணு ஜி.என்.எம்ங்கற நர்சிங் டிப்ளமா முடிச்சு நாலு வருஷமா சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ், கைக்கு 17,000 வருது. பெங்களூர்ல இருக்கிற சித்தப்பா ஒருத்தர் வரும்போதெல்லாம் "வெறும் டிப்ளமாவ வச்சுக்கிட்டு என்ன பண்ணுவா, டிகிரி இருந்தாத்தான் ஃபாரின், டிகிரி இருந்தாத்தான் நல்ல இடத்துல மாப்பிள்ளை"ன்னு சொல்லிச் சொல்லி கடைசில ஒரு கன்சல்டன்சி நம்பரையும் குடுத்துட்டுப் போயிட்டாரு. 1,40,000 ரூபா, ரெண்டு தவணை, ஒரே வருஷம், வேலைய விட வேணாம், பரீட்சை வீட்ல இருந்தே எழுதலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கட்டலாமாங்கன்னு கேட்டாங்க.

பயப்படாதீங்கக்கா, நிதானமா யோசிப்போம்னுதான் நானும் ஆரம்பிச்சேன். அவங்க அந்த நோட்டீஸ வாட்ஸப்ல அனுப்புனாங்க பாருங்க, அதுக்கப்புறம் நிதானத்துக்கு இடமில்ல. கட்டாதீங்க. ஒரு ரூபா கட்டாதீங்க.

நோட்டீஸ்ல பெருசா 'யுஜிசி அங்கீகாரம்'னு போட்டிருக்கு, யுஜிசின்னா யுனிவர்சிட்டிகள மேற்பார்க்கற மத்திய அமைப்பு. அந்த யுனிவர்சிட்டிக்கு அங்கீகாரம் இருக்கலாம், நான் இல்லைங்கல. ஓட்டலுக்கு லைசென்ஸ் இருக்குன்னா அங்க மருந்து மாத்திரை விக்க முடியுமா? யுஜிசியோட 2020 விதிமுறைலயே தொலைதூரத்துலயும் ஆன்லைன்லயும் நடத்தக்கூடாதுன்னு ஒரு லிஸ்ட் இருக்கு, இன்ஜினியரிங், மருத்துவம், பார்மசி வரிசைல நர்சிங்கும் அதுல இருக்கு. அதுக்கும் மேல, நர்சிங்ல நீங்க பாக்க வேண்டியது யுஜிசிய மட்டும் இல்ல, இந்திய நர்சிங் கவுன்சில. கவுன்சில் ஒத்துக்காத டிகிரிய சென்னைல இருக்கிற தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில்ல ஏத்த முடியாது, ஏத்த முடியலன்னா அது ஃபிரேம் போட்டு மாட்டுற காகிதம்தான். பாப்பாவோட எட்டு மாச சம்பளத்துக்கு மேல குடுத்து அப்படி ஒரு காகிதம் வேணுமா?

சித்தப்பா இன்னொன்னும் சொல்லியிருக்காரு, அமெரிக்கால எல்லாம் நர்சுங்க ஆன்லைன்லதான பி.எஸ்சி முடிக்கறாங்கன்னு. முடிக்கறாங்க, பொய் இல்ல. ஆனா அது யாருக்குன்னு கேக்கணும்ல. அங்க ரெண்டு வருஷப் படிப்பு முடிச்சு, என்கிளெக்ஸ் பரீட்சை பாஸ் பண்ணி, லைசென்ஸ் வாங்கி வேலை பாத்துட்டிருக்கிற நர்சுக்கான கோர்ஸ் அது, சேர்றதுக்கே பொதுவா அந்த ஊரு லைசென்ஸ்தான் கேப்பாங்க. நம்ம புள்ளைக்கு அது பொருந்தவே பொருந்தாது. இன்னும் ஒரு விஷயம், என்கிளெக்ஸ் எழுத பி.எஸ்சி கட்டாயம் இல்ல, ஜி.என்.எம்ம ஏத்துக்கிற மாநிலங்க அங்க இருக்கு. ஜெர்மனின்னா முதல்ல கேக்கறது ஜெர்மன் பாஷை பி2 லெவல். இங்க நம்ம அரசு ஆஸ்பத்திரி வேலைக்கான எம்.ஆர்.பி நர்ஸ் பரீட்சைக்கும் டிப்ளமா போதும். ஆக, ஃபாரினுக்காக டிகிரிங்கற கணக்கே தப்பு. மாப்பிள்ளைக்காக டிகிரின்னா அதுக்கு நான் ஆலோசனை சொல்ற ஆள் இல்ல.

அப்புறம் பாப்பாவையே போன்ல கூப்பிடச் சொன்னேன். இதுவரைக்கும் வீட்ல ஒருத்தரும் அவகிட்ட நீ என்ன நினைக்கறன்னு கேட்டதா தெரியல. நைட் டூட்டி முடிச்சு ஹாஸ்டல்ல இருந்து பேசுச்சு. ஃபாரின் போக இஷ்டமே இல்லைங்க சார், எனக்கு ஸ்டூடன்ட்ஸ்க்கு சொல்லித்தரத்தான் பிடிக்கும்னுச்சு. வார்டுக்கு ட்ரெய்னிங் வர்ற புள்ளைங்க எல்லாம் இதுகிட்டதான் ஓடி வருதாம், ஐ.வி எப்படி போடறது, சார்ட்ல எத முதல்ல எழுதறதுன்னு. நர்சிங் காலேஜ்ல டியூட்டர் ஆகணும்னா பி.எஸ்சி இல்லாட்டி போஸ்ட் பேசிக் பி.எஸ்சி, அதாவது ஜி.என்.எம் முடிச்சவங்க மேல படிக்கிற டிகிரி, வேணும். அதனால இந்தப் புள்ளைக்கு டிகிரி தேவைதான், ஆனா சித்தப்பா சொல்ற காரணத்துக்காக இல்ல.

வேலைய விட்டுட்டு தனியார் காலேஜ்ல ரெண்டு வருஷ போஸ்ட் பேசிக் சேரலாமான்னு அவங்க அப்பா கேட்டாரு. அண்ணா, ஃபீஸ விடுங்க, 24 மாச சம்பளம் போகுதே, அதுவே 4,08,000. அதுக்கு மேல ஃபீஸ், ஹாஸ்டல், எல்லாத்துக்கும் லோன். எஸ்டேட் சம்பளத்துல அந்த வட்டிய யாரு கட்டறது? நகைய வைக்கலாம்னு பின்னாடி இருந்து ஒரு குரல் கேட்டுச்சு. வைக்கக் கூடாது. இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது.

நம்ம பக்கம் நிறைய பேரு மறந்தே போன ஒரு வழி இருக்கு, மத்திய அரசோட திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ நடத்துற போஸ்ட் பேசிக் பி.எஸ்சி நர்சிங். தொலைதூரத்துல நர்சிங் கூடாதுன்னு சொன்னீங்களே, இது மட்டும் எப்படின்னு கேப்பீங்க. இது வேலைல இருக்கிற நர்சுக்குன்னே, நர்சிங் கவுன்சில் ஒத்துக்கிட்ட பாடத்திட்டத்துல ரொம்ப வருஷமா நடத்திட்டு வர்றாங்க, 2025லகூட நுழைவுத் தேர்வு வச்சாங்க. வீட்ல உக்காந்து போன்ல முடிக்கிற சமாச்சாரம் இல்ல இது, அதனாலதான் அதுக்கு மதிப்பு. குறைஞ்சது மூணு வருஷம். பிளஸ் டூ முடிச்சு ஜி.என்.எம் பண்ணவங்களுக்கு ஆர்.என்.ஆர்.எம் பதிவுக்கு, அதாவது கவுன்சில்ல நர்ஸ், மிட்வைஃப்னு பண்ற பதிவுக்கு அப்புறம் ரெண்டு வருஷ அனுபவம் வேணும், பத்தாவதோட ஜி.என்.எம் பண்ண அந்தக் கால அக்காங்களுக்கு அஞ்சு வருஷம். நம்ம பாப்பாவுக்கு நாலு வருஷம் ஆச்சு, தகுதி பக்காவா இருக்கு. நுழைவுத் தேர்வுல பெரும்பகுதி டிப்ளமால படிச்ச பாடம்தான், தூசி தட்டுனா போதும்.

பாடம் எல்லாம் இங்கிலீஷ்ல. நர்சிங் அடிப்படை, மெடிக்கல் சர்ஜிக்கல், பிரசவம், குழந்தைங்க, மனநலம், சமுதாய நலம், கடைசில கற்பித்தல், நிர்வாகம், ஆராய்ச்சின்னு ஒரு பேப்பர் வரும், அந்தப் பேப்பர்தான் நம்ம புள்ள ஆசைப்படற ஏரியாவே. தியரில அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், பரீட்சைக்கு 70. ப்ராக்டிகல் தனி. குறிச்ச தேதில ஸ்டடி சென்டருக்குப் போய் வார்டுல நின்னு செஞ்சு காட்டணும், கையெழுத்து வாங்கணும், அதுல ஏமாத்து வேலை நடக்காது. இங்கதான் பாதிப் பேரு கழண்டுக்கறாங்க, படிப்பு வராம இல்ல, லீவு கிடைக்காம. சென்டர் ஏதாச்சும் ஒரு நர்சிங் காலேஜ்லதான் இருக்கும், சீட்டும் அளவாத்தான் இருக்கும், சேலத்துலயே கிடைக்கும்னு எண்ணிடாதீங்க, பஸ் ஏறிப் போற மாதிரி மனச தயார் பண்ணிக்கோங்க.

அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடியே நர்சிங் சூப்பிரண்டன்ட்கிட்ட பேசச் சொன்னேன். வாயால சரின்னா பத்தாது, ப்ராக்டிகல் நாளுக்கு டூட்டிய மாத்தித் தர்றதா எழுத்துல வாங்கணும். மாச டூட்டி லிஸ்ட் போடறதுக்கு முன்னாடியே தேதிய குடுத்து, கூட வேலை பாக்கிற பொண்ணுங்க ரெண்டு மூணு பேரோட ஷிஃப்ட் மாத்திக்கிறதப் பேசி வச்சுக்கணும், பதிலுக்கு தீபாவளி பொங்கல் டூட்டிய நீ எடுத்துக்க வேண்டி வரும் சாமி, அதுக்கும் தயாரா இருன்னேன். சிரிச்சுது.

புஸ்தகம் பத்தி ஒரு ரகசியம், ரகசியமே இல்ல, யாரும் போய் பாக்கறதில்ல அவ்ளோதான். இந்தக் கோர்ஸோட பாடம் இ-ஞானகோஷ்ங்கற இக்னோ தளத்துல இலவசமா கிடக்கு. சேர்றதுக்கு முன்னாடியே ஒரு பிளாக்க, அதாவது பாடத்துல ஒரு பகுதிய, போன்ல இறக்கி, நைட் ஷிஃப்ட்ல ரெண்டு மணி வைட்டல்ஸ் பாத்து முடிச்சு, டிரிப் எல்லாம் சரியா இறங்குதான்னு ஒரு சுத்து சுத்திட்டு வந்து கவுன்ட்டர்ல உக்காருவீங்கல்ல, அப்ப ஒரு பத்து பக்கம் படிச்சுப் பாக்கச் சொன்னேன். தூக்கம் சொக்கும், பெல் அடிக்கும், நடுவுல ஒரு அட்டெண்டர் வந்து தண்ணி எங்கம்மான்னு கேப்பாரு. அதுக்கு நடுவுலயும் ஒரு மாசம் தொடர்ந்து படிக்க முடிஞ்சா மூணு வருஷமும் முடியும். முடியலையா, இந்த வருஷம் விட்டுடு, அடுத்த வருஷம் பாப்போம், ஒண்ணும் குடி முழுகிடாது.

அசைன்மென்ட்ட காசு குடுத்து எழுதி வாங்கற பழக்கம் ஒண்ணு ஓடுது. செய்யாதீங்க. ஒழுக்கம் நியாயம்லாம் அப்புறம், எழுதுனாத்தான் பரீட்சைல கை ஓடும், இங்கிலீஷ்ல பக்கம் பக்கமா எழுதற பழக்கம் டிப்ளமாவோட விட்டுப் போயிருக்கும். மார்க்கும் முக்கியம். பின்னாடி எம்.எஸ்சி நர்சிங் போகணும்னா கவுன்சில் விதிப்படி 55 சதவீதம் வேணும், காலேஜ்ல மேல ஏறணும்னா எம்.எஸ்சி வேணும். பாஸானா போதும்னு ஓட்டுனா அந்தக் கதவு அங்கயே சாத்திக்கும். முடிச்சு சர்டிபிகேட் வந்ததும் தமிழ்நாடு கவுன்சில்ல கூடுதல் தகுதியா பதிவு பண்ணணும், இத மறந்துட்டு வேலைக்கு அப்ளை பண்றப்ப ஓடறவங்கள நான் நிறைய பாத்துட்டேன்.

அக்கா, உங்களுக்கு ஒண்ணு, கொஞ்சம் கடுமையாத்தான் இருக்கும். மூணு வருஷம்னதும் 'அப்ப கல்யாணம்?'னு உடனே கேட்டீங்க. படிப்புக்காக கல்யாணத்தையும் நிறுத்த வேணாம், கல்யாணத்துக்காக படிப்பையும் நிறுத்த வேணாம், மூணு வருஷத்துல முடியலன்னா இழுத்து முடிக்க கூடுதல் வருஷமும் உண்டு. வரன் பேசும்போதே படிச்சுட்டிருக்கா, ப்ராக்டிகலுக்குப் போவான்னு சொல்லிடுங்க. ஒத்துக்காத வீடு வேணாம். சித்தப்பா கோச்சுக்குவாருங்கறீங்க, கோச்சுக்கட்டும், அட்வான்ஸ் அவரா கட்டறாரு?

இக்னோ தளத்துல நோட்டிபிகேஷன் வர்றப்ப ப்ராஸ்பெக்டஸ்ல அந்த வருஷத்து ஃபீஸ், சென்டர் லிஸ்ட் ரெண்டையும் முழுசா படிச்சுட்டு அப்ளை பண்ணுங்க, அதுக்கு முன்னாடி இந்தக் கோர்ஸ ஒத்துக்கறாங்களான்னு நர்சிங் கவுன்சில் தளத்துலயும் ஒரு தடவை பாத்துடுங்க. இப்பவே செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. சேரும்போது ஆஸ்பத்திரில பாப்பாவோட ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி வச்சுக்கிட்டாங்களாம், இன்னும் தரலயாம். அத திருப்பிக் கேளுங்க, எழுத்துல கேளுங்க, அக்னாலெட்ஜ்மென்ட் வாங்குங்க. அனுபவச் சான்றுல சேர்ந்த தேதி ஆர்.என்.ஆர்.எம் பதிவு தேதிக்கு அப்புறம் வருதான்னு பாருங்க, ட்ரெய்னியா இருந்த மாசத்தையும் சேர்த்து எழுதிக் குடுத்துடுவாங்க, அங்கதான் அப்ளிகேஷன் திரும்பி வரும்.