பி.எஸ்சி. முடித்துவிட்டு பல்கலைக்கழக லேப் டெக்னீசியன் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்திருக்கிறேன். மதுரையில் ஒரு ஆராய்ச்சி லேபில் டெக்னீசியன் வேலை வந்திருக்கிறது, தொகுப்பூதியம்தான். முன்னேற்றம், மதிப்பு இருக்குமா?

போங்க தம்பி. ஆனா பதவி உயர்வை நம்பிப் போகாதீங்க. பதினாறு வருஷமா மதுரைப் பக்கம் இதே வேலை பார்க்கிறேன். சேர்ந்தப்போ என்ன பதவியோ இன்னைக்கும் அதேதான்.

மதிப்பா? ஆயுத பூஜை அன்னைக்குக் கிடைக்கும். அன்னைக்கு மட்டும் எல்லாரும் லேபுக்கு வந்து எச்.பி.எல்.சி.க்கு (கலவையில இருக்கிற பொருள்களைப் பிரிச்சு அளக்கிற மெஷின்) மாலை போட்டு, பொரி சுண்டல் கொடுப்பாங்க. டிடெக்டர் பக்கம் சந்தனம் அப்பிடாம பார்த்துக்கிறதுதான் என் வேலை.

ஒரு மாணவி கருவேலம்பட்டைச் சாறுல கேலிக் அமிலம் அளந்துக்கிட்டு இருந்தாங்க. பீக், அதாவது மெஷின் வரையற கோட்டுல அந்த அமிலத்துக்கான மேடு, ஒரு நாள் 6 நிமிஷத்துல வரும், மறுநாள் 5ல வரும். பொருள்களைப் பிரிக்கிற குழாயை (column) மாத்தினாங்க, பம்பைத் திட்டினாங்க. நான் மெஷினுக்குள்ள ஓடுற பாஸ்பேட் கரைசல் பாட்டிலை எடுத்து பி.எச். (அமிலத்தன்மை அளவு) பார்த்தா 4.5. கேலிக் அமிலத்தோட பி.கே.ஏ., அதாவது அது பாதி அயனியா மாறுற பி.எச்., அதுக்கு ரொம்பப் பக்கம். பாஸ்பேட்டுக்கும் அந்த இடத்துல பி.எச்.சை மாறாம பிடிச்சு வெக்கிற பலம் கிடையாது. கொஞ்சம் அசைஞ்சாலும் பீக் நகரும். 2.8க்கு இறக்கினதும் நின்ன இடத்துல நின்னுடுச்சு. அடுத்த மூணு மாசம் அத்தனை சாம்பிளும் நான் ஓட்டினதுதான். பேப்பர் வந்துச்சு. நன்றியுரையில 'ஆய்வகப் பணியாளர்களுக்கு' ஒரு வரி. பேர் இல்ல.

கோபம் வந்துச்சு, ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசல. ஆனா நானும் வாயைத் திறந்து கேட்கலயே. அச்சான பிறகு கேட்கிறது பந்தி எடுத்தப்புறம் இலை கேட்கிற கதை. இப்பல்லாம் எழுதத் தொடங்குறப்பவே கைடுகிட்ட கேட்டுடுவேன். கட்டுரை எழுதினவங்க ஒவ்வொருத்தர் பங்கையும் 'கிரெடிட்'னு 14 வகையாப் பிரிச்சுப் பல இதழ்கள் கேட்குது. மெத்தடாலஜி (ஆய்வு முறையை வகுக்கிறது) அதுல ஒண்ணு. பி.எச். மாத்தினது வேற என்னவாம்? பிரிட்டன்ல 2017லயே 'டெக்னீசியன் கமிட்மென்ட்'னு ஆரம்பிச்சு, டெக்னீசியன்களோட அங்கீகாரத்துக்கும் வளர்ச்சிக்கும் பொறுப்பேற்கிறோம்னு பல்கலைக்கழகங்கள் கையெழுத்துப் போட்டிருக்கு. இங்க நாமதான் கேட்டு வாங்கணும்.

ஏணி வேணும்னா காரைக்குடி சிக்ரி (மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) மாதிரி சி.எஸ்.ஐ.ஆர்.ங்கிற மத்திய அறிவியல் ஆராய்ச்சி அமைப்போட லேப் அறிவிப்புகளைப் பாருங்க. டெக்னிக்கல் அசிஸ்டென்ட், டெக்னிக்கல் ஆபீசர்னு மேல போக அங்க படிகள் இருக்கு. மெஷினைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச கைக்கு மருந்து கம்பெனிகள்லயும் கிராக்கி உண்டு. இந்த வேலையை அதுக்கான பயிற்சியா வெச்சுக்கோங்க.

சேர்றதுக்கு முன்னாடி லேபைச் சுத்திப் பார்க்கக் கேளுங்க. மெஷின் பக்கத்துல லாக் புக் இருக்கும், புரட்டிப் பாருங்க. மாணவர் பேர் மட்டும் இருக்கா, ரிப்பேர் பார்த்தவர், ஓட்டினவர் பேரும் இருக்கான்னு. இல்லைன்னா நீங்க போற முதல் நாளே அந்தப் பேர்களுக்கு ஒரு பத்தி (column) கூடுதலாக் கோடு போட்டுடுங்க.