தொழுநோய்க்கு உள்ளான பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது?

கேள்வி: எங்கள் தந்தையாரின் ஆண்டுத் திவசத்தன்று வழமையாக அன்னதானம் கொடுப்போம். இவ்வருடம் அந்தப் பணத்தில் தொழுநோய்க்கு உள்ளான பிள்ளைகளுக்கு மருந்து வாங்கி, கோயில் மண்டபத்தில் அவர்கள் கையிலேயே கொடுக்க விரும்புகிறோம். யாரை அணுகுவது?
– வாசகர், தலவாக்கலை

பதில்: உங்கள் எண்ணம் மிக நல்லது, ஆயினும் மருந்துக்காகப் பணம் செலவிட வேண்டியதில்லை. இந்நோய்க்கான கூட்டு மருந்துகள் 1995 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் ஊடாக நாடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. இலங்கையிலும் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணமின்றியே வழங்கப்படுகின்றன. நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ ஒழுங்காக உட்கொண்டால் நோய் முற்றாகக் குணமாகும்.

குறை இருப்பது அந்த மருந்தைத் தவறாமல் பெற்றுக்கொள்வதில்தான். தோட்டத்துப் பிள்ளையொன்றை மாதாமாதம் நகர வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் செல்லும் தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாட்கூலி, இல்லாமற்போகிறது. பஸ் கட்டணம், வழியில் சாப்பாடு, வீட்டிலிருக்கும் சின்னப் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள் என்று செலவு தொடர்கிறது. அதற்கிடையில் மருந்தின் விளைவாகச் சிறுநீர் செந்நிறமாக மாறும். மருந்துகளில் ஒன்று தோலையும் கருக்கச் செய்யும். இவை தற்காலிகமானவை என்று எவரும் பொறுமையாக எடுத்துச் சொல்லாவிட்டால், அச்சத்தினாலும் அயலவர் கேள்விகளினாலும் பெற்றோர் சிகிச்சையை இடையில் நிறுத்திவிடக்கூடும். நிறுத்தினால் நோய் நரம்புகளைத் தாக்கி, கைகால்கள் உணர்விழக்கின்றன. உணர்விழந்த விரல் அடுப்பில் சுடுவதும், வெறுங்காலில் முள் ஏறுவதும் பிள்ளைக்குத் தெரியாது. அந்தக் காயங்கள் கவனிக்கப்படாமல் புண்ணாகும்போதுதான், பிறர் கண்டு அஞ்சும் ஊனங்கள் பெரும்பாலும் உண்டாகின்றன.

ஆகவே ஒரு பிள்ளையின் சிகிச்சைக் காலம் முழுவதற்குமான போக்குவரத்துச் செலவையும், தாய் இழக்கும் நாட்கூலிக்கு ஈடான தொகையையும் ஏற்றுக்கொள்ளுங்கள். உணர்விழந்த பாதமுடைய பிள்ளைக்கு மெத்தென்ற அடியுடைய பொருத்தமான பாதணி வேண்டும். வளரும் கால் என்பதால் அதை அடிக்கடி மாற்றவும் வேண்டியிருக்கும். ஒரே நாளில் பலருக்குப் பொதி வழங்குவதைவிட, ஒரு பிள்ளையைக் கடைசி மாத்திரை வரை கைவிடாதிருப்பது பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

மண்டபத்தில் வைத்துக் கையளிக்கும் எண்ணத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில், ஒரு காம்பராவில் (அறையில்) பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில், மேடையில் நின்று புகைப்படத்தில் பதிவான பிள்ளையின் மேல் நோயின் பெயர் ஒட்டிக்கொண்டால், குணமான பின்பும் அது நீங்காது. நாளை அக்காவின் கல்யாணப் பேச்சிலும் அது குறுக்கே நிற்கும். உங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையை அணுகுங்கள். அங்குள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பத்தின் சம்மதத்தைப் பெற்று உதவியைச் சேர்ப்பிக்க வழிசெய்வார். பிள்ளையின் பெயரை நீங்கள் அறிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கேள்வி: எங்கள் பாடசாலையில் ஒரு மாணவிக்கு இந்நோய் என்று அறிந்து, அவளை நிறுத்தும்படி சில பெற்றோர் கேட்கின்றனர். ஆசிரியையாக நான் என்ன பதில் சொல்வது?
– ஆசிரியை, பண்டாரவளை

பதில்: நிறுத்தக் கூடாது என்று தயங்காமல் சொல்லுங்கள். தொடுவதாலோ, ஒரே வாங்கில் அமர்வதாலோ இந்நோய் தொற்றுவதில்லை. சிகிச்சை பெறாத ஒருவரோடு நெடுங்காலம் நெருங்கி வாழும்போதே மூக்கு, வாய்த் துளிகள் வழியாகப் பரவுகிறது. மிகப் பெரும்பாலானோருக்கு இயற்கையான எதிர்ப்புச் சக்தியும் உண்டு. மருந்து தொடங்கிய பின் அவளிடமிருந்து பிறருக்குப் பரவாது.

கவனிக்க வேண்டியது அவளுடைய வீட்டைத்தான். கிருமி உடலில் புகுந்து அடையாளம் காட்டப் பல ஆண்டுகள் ஆகலாம். பிள்ளைக்கு நோய் வந்திருந்தால், உடன் வாழும் பெரியவர் ஒருவருக்கு அது கண்டறியப்படாமல் இருக்கக்கூடும். ஆகவே வீட்டிலுள்ள அனைவரையும் பரிசோதிக்க வேண்டும். தேமல்போல் வெளிறிய அல்லது சிவந்த படையில் தொடுகை உணராவிட்டால் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். அந்தப் பெற்றோரின் அச்சத்தைத் தீர்க்க, உங்கள் பகுதிப் பரிசோதகரை அழைத்து எல்லா மாணவர்களுக்கும் பொதுவான தோல் பரிசோதனை ஒன்றை ஒழுங்கு செய்யுங்கள். அதில் எந்தப் பிள்ளையும் தனித்துத் தெரியமாட்டாள்.