பள்ளிப் பிள்ளைகளுக்குத் தன்னார்வலராகப் போனால் எரிச்சல்தான் மிச்சமா?

எரிச்சல் நிறைய உண்டு, மிச்சம் அது மட்டும் இல்லை.

2022 தை மாதத்தில் எங்கள் ஊரில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராகச் சேர்ந்தேன். கொரோனாவில் விட்டுப்போன படிப்பைச் சொல்லிக்கொடுக்கத் தமிழக அரசு கொண்டுவந்த திட்டம் அது. சாயங்காலம் ஐந்துக்கு மேல் ஒன்றரை மணி நேரம், 20 பிள்ளைகள், மாதம் 1000 ரூபாய், இடம் தொடக்கப் பள்ளித் தாழ்வாரம். "ஆயிரம் ரூபாய்க்கா இந்தக் கத்து கத்துறே?" என்று கேட்காத ஆள் தெருவில் கிடையாது.

கத்தத்தான் வேண்டியிருந்தது. ஒருத்திக்கு ஒன்றுக்கு வந்தால் ஆறு பேருக்கு வரும், இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வருகிறவளிடம் அவனை விட்டுவிட்டு வா என்று சொல்லவும் முடியாது (அவள் அம்மா அறுப்புக்குப் போயிருப்பார்), திருவிழா வந்தால் ஒரு வாரத்துக்குப் பாதிப் பேரைக் காணோம், திரும்பி வரும்போது படித்ததையும் காணோம்.

ஆனால் பெரிய சிக்கல் வேறு. கொரோனாவுக்காக மூடிய பிறகு ஒன்று முதல் எட்டு வரை பள்ளி திறந்ததே 2021 நவம்பர் 1-ல்தான். முந்தின வருஷம் ஒன்றாம் வகுப்பில் பெயர் கொடுத்த பிள்ளை, பள்ளியைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருந்தது. நாலாவது படிப்பவனிடம் 52-ல் 17 போனால் எவ்வளவு என்றால் 45 என்பான். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் ஒன்று போனால் நாலு. எது பெரிசோ அதிலிருந்து கழிப்பதுதான் அவன் கணக்கு! ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கையில் கொடுத்து, ஒரு கட்டைப் பிரித்தால்தான் கடன் வாங்குவது என்றால் என்னவென்று புரிந்தது.

அதே நாலாவது வகுப்பில் ஒருவன் பாடத்தைக் கடகடவென்று வாசிப்பான். ஒரு நாள் தவறிப்போய் வேறு பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டேன், முந்தின பாடத்தையே சொன்னான். அத்தனையும் மனப்பாடம். இத்தனை நாள் ஏமாற்றினாயா என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். நாலு நாள் அவன் வரவில்லை. தப்பு என்னுடையது, வீட்டுக்குப் போய்த்தான் கூட்டி வந்தேன். "அவனுக்குப் படிப்பு ஏறாதும்மா" என்றார் அவன் அம்மா, அவனை வைத்துக்கொண்டே.

அப்புறம் பார்த்தால், அவனுக்கு எழுத்தெல்லாம் தெரியும். 'கா' தெரியும், 'கெ' தெரியும். 'கொ' வந்தால் நின்றுவிடுவான். முன்னால் கொம்பு, பின்னால் துணைக்கால், இரண்டையும் சேர்த்து ஒரே சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று யாரும் அவனுக்குப் பொறுமையாகக் காட்டவில்லை. கொடி, பொடி, தொடை, மொட்டு என்று இதற்கே ஒரு மாதம் போனது. நடுவில் விட்டுவிடலாம் என்று இரண்டு தடவையாவது நினைத்திருப்பேன்.

மிச்சம் என்னவென்று கேட்டீர்கள் அல்லவா? ஒரு நாள் அவன் அப்பாயி வாசலுக்கே வந்துவிட்டார். ரேஷன் கடை வரிசையில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு, பலகையில் 'பாமாயில் இல்லை' என்று எழுதியிருப்பதைப் பேரன் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தானாம். "போனதுமே படிச்சிருந்தா எனக்குக் கால் வலி மிச்சம். கொஞ்சம் வேகமாப் படிக்கச் சொல்லிக் குடும்மா" என்று என்னிடம் சண்டை.