மடக்கையும் திரிகோணகணிதமும்: பாடமாக்கினால் போதுமா?

மட்டக்களப்பிலிருந்து 11ஆம் தரத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சூத்திரமெல்லாம் பாடம். வினாத்தாளைக் கண்டதும் மறந்துபோகுது. எப்படிப் படிப்பது?"

தம்பி, முதலில் படம் கீறப் பழகுங்கள். நம்ம முகத்துவார வெளிச்சவீட்டின் உயரம் 28 மீற்றர். அடியிலிருந்து 40 மீற்றர் தள்ளி நின்று உச்சியைப் பார்க்கிறீர்கள் (கண்ணின் உயரத்தை இப்போதைக்கு விடுவோம்). ஏற்றக்கோணம், அதாவது உங்கள் பார்வைக்கோடு கிடையோடு ஆக்கும் கோணம், எவ்வளவு? அந்தக் கோணத்துக்கு எதிர்ப்பக்கம் 28, அயற்பக்கம் 40. செம்பக்கம் தெரியாது, தேவையும் இல்லை. அப்போ சைன், கோசைன் பக்கமே போக வேண்டாம், தான்சன்தான் (எதிர்ப்பக்கம் ÷ அயற்பக்கம்). 28ஐ 40ஆல் வகுத்தால் 0.7. தான்சன் அட்டவணையில் அதற்குக் கிட்டிய 0.7002க்கு நேரே 35 பாகை. எது தெரியும், எது வேணும் என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

சரி, அதே 28 ÷ 40ஐ மடக்கையால் செய்வோம். 28இன் மடக்கை என்றால், 10இன் எந்த வலு 28 என்ற கேள்விதான். 28 என்பது 10க்கும் 100க்கும் நடுவில் இருப்பதால் விடை 1இல் தொடங்கும்: 1.4472. 40க்கு 1.6021. வகுப்பதற்குப் பதில் கழித்தால் போதும். 1614இல் கணிதவியலாளர் நேப்பியர் மடக்கையை வெளியிட்டதே இப்படிப் பெருக்கல், வகுத்தல் சுமையைக் குறைக்கத்தான்.

பலர் வழுக்குவது இந்தக் கழித்தலில்தான். .4472இலிருந்து .6021 போகாது, முழுவெண்ணில் கடன் வாங்க வேண்டும். விடை பார் 1.8451 (1இன் தலைக்கு மேல் ஒரு கோடு, அதுதான் பார்). இது −1.8451 அல்ல, −1உடன் +0.8451 சேர்ந்தது. தசமப் பகுதியை எப்போதும் நேர் எண்ணாகவே வைத்திருங்கள். முரண்மடக்கை (மடக்கையிலிருந்து எண்ணுக்குத் திரும்புவது) பார்த்தால் அதே 0.7.

பழைய வினாத்தாள்களில் பார் வரும் கணக்குகளையும் படம் தராத திரிகோணகணித வினாக்களையும் தேடிப் பிடித்துச் செய்யுங்கள். மற்றவை தானாக வரும்.